டில்லிபாபுவிடம் பந்து பழகும் உன் மகள்

இராயபுரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தவசிமுத்துவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் உன் அறைத் தோழர்களோடும் இருப்பதாக. இங்கே எல்லோரும் நலம். உன் மனைவி அடைக்கலமேரியும் மகள் நிவேதாவும் சுகமாக இருக்கிறார்கள். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ஷாகுல் ஹமீதிடம் கொடுத்தனுப்புகிறேன். தங்கச்சி அடைக்கலமேரி வறுத்த நெத்திலிக் கருவாடும் அதே பையில் இருக்கிறது.

எனக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷம் கோல் போஸ்ட்டில் பாய்ந்து பாய்ந்து விழுந்ததற்கு அது சும்மா விடுமா? எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நிற்கின்றன. நாம் விளையாடிய கொருக்குப்பேட்டை மைதானத்தில் பாதியைச் சுவர் கட்டி அடைத்துவிட்டார்கள். மீதிப் பாதியில் இன்னும் பந்து ஓடுகிறது.

போன வாரம் கோயிலில் பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா. விளையாட்டிலிருந்து கிறிஸ்தவ வாழ்க்கைக்கு என்ன கற்றுக்கொள்ளலாம் என்று கொஞ்ச நேரம் பேசச் சொன்னார் சாமியார். நான் படித்தா பேசப் போகிறேன்? நம் டீமை நினைத்துக்கொண்டேன். பூசைக்கு வராதவன் அன்றைக்கு விளையாடக்கூடாது என்று நீ சட்டம் போட்டிருந்தாயே, அதைச் சொன்னேன். மழையில் யாருமே பார்க்க வராத நாளிலும் நீ தனியாக ஓடிப் பயிற்சி எடுத்ததைச் சொன்னேன்; ஜெபமும் அப்படித்தான், கைதட்ட ஆள் தேடாதீர்கள் என்றேன். கோல் போடும் தூரத்தில் நின்றுகொண்டே, வேலப்பனுக்கு இன்னும் நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்று பந்தை அவனுக்குத் தள்ளிவிட்டாயே, அதையும் சொன்னேன். பந்து தண்டவாளத்துக்குப் போனால் கூட்ஸ் வண்டி நகரும்வரை எல்லோரும் மண்ணில் உட்கார்ந்து கதையடித்தோமே தவசி, அந்த நேரமெல்லாம் எங்கே போயிற்று?

கடைசியில் ஒரு பொடியன் எழுந்து, "அங்கிள், வேணும்னே கால்ல அடிச்சவன இன்னா பண்றது?" என்று கேட்டான். இறுதி ஆட்டத்தில் பின்னாலிருந்து வந்த எதிர் டீம் டில்லிபாபுவின் காலும், நீ விழுந்து அலறியதும்தான் கண்ணில் நின்றன. அதற்கு அடுத்த வாரம்தான் உனக்குத் துறைமுகத்தில் விளையாட்டுக் கோட்டா தேர்வு. அந்தக் கால் முறிவோடு வேலையும் போயிற்று, பந்தும் போயிற்று. பிரட்டும் பழமும் வாங்கிக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தால் பழத்தை அவன்மேலேயே எறிந்திருப்பேன்.

நான் முழிப்பதைப் பார்த்து முன்வரிசையிலிருந்து நிவேதா எழுந்தாள். "அடிபட்டவங்களுக்கு வலி. அடிச்சவங்களுக்குப் பயம். அதனால எழுந்ததும் நாமதான் போய்க் கை குடுக்கணும்" என்றாள். சாமியாரே அசந்துவிட்டார்.

விழா முடிந்து, இதை யார் உனக்குச் சொன்னது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பாபு சார்" என்றாள்.

கோபப்படாமல் மேலே படி. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, கூடப் படிக்கும் பெண்களோடு மைதானத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே சாயங்காலத்தில் பந்து சொல்லித்தருவது டில்லிபாபு. நம் வீட்டில் இனி எவரும் பந்தைத் தொடக்கூடாது என்று நீ சொன்னதால் தங்கச்சி பயந்து உன்னிடம் மறைத்துவிட்டாள். தினமும் அழுகிறாள்.

மறுநாள் நான் மைதானத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். டில்லிபாபுவுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறான். என்னைப் பார்த்ததும் விசிலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டான். "மாமு, அன்னிக்கு வேணும்னுதான் கால வச்சேன். ஒடையும்னு நெனக்கல. அந்த சத்தம் இன்னும் காதுல கீது. அதுக்கப்புறம் நான் மேட்ச் ஆடவேயில்ல" என்றான்.

நிவேதா யார் மகள் என்று தெரிந்த அன்றைக்கே அவளை உட்காரவைத்து, உங்கப்பா காலை ஒடித்தவன் நான்தான் என்று அவனே சொல்லியிருக்கிறான். அவள் சில நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு தானாகத் திரும்பிப் போய், "சார், இன்னிக்கு இன்னா பிராக்டீஸ்?" என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவன் அழுதுவிட்டான். "தவசி வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா, வேற கோச்சாண்ட அனுப்சுடறேன். புள்ள ஆட்டத்த மட்டும் நிறுத்திட வேணாம்னு சொல்லு" என்றான்.

அவள் ஆடுவதை நான் பார்த்தேன், தவசி. பந்தை வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை இடது தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறாள். அதை எந்தக் கோச்சும் சொல்லித்தர முடியாது. அது உன்னுடையது.

மாநில அணிப் பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "அவருக்குத் தெரியாம இதுவரைக்கும் செஞ்சது போதும்ண்ணே. அவரு சரின்னாத்தான் அனுப்புவேன்" என்கிறாள் தங்கச்சி. பெரிய வியாழனுக்கு அடுத்த வாரம் முகாம் தொடங்குகிறது.

டில்லிபாபுவை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இல்லை. முறிந்தது என் கால் இல்லை. அது நீயும் ஆண்டவரும் பேசிக்கொள்ள வேண்டியது. நான் கேட்பது ஒன்றுதான். இதைப் படித்ததும் வீட்டுக்குப் போன் செய். தங்கச்சி எடுத்ததும் பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள். அவள் பயந்துகொண்டேதான் "நைனா" என்பாள். நீ எதுவும் சொல்வதற்கு முன்னால், அவள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று மட்டும் கேள். பிறகு அவளைப் பேசவிடு.

பாலைவன வெயிலில் உழைக்கும் உன் உடம்பையும், நீ யாருக்கும் காட்டாத உன் மனதையும் அன்னை மரியாள் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் போனுக்காக ஒரு வீடே காத்திருக்கிறது.

என்றும் உன்,
இக்னேஷியஸ்