நாற்காலியில் உட்காராதவனுக்கு

இயேசு, மரி, சூசை துணை

சாந்தோம், சென்னை

அன்பு மகன் லாய்டுக்கு அப்பா பவுல்சாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ஆலிஸும் அக்கா டீனாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதாக எழுதிய கார்டு கிடைத்தது, அதில் பாதியைத்தான் நம்பினேன். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகிற, எல்லைக்கு அந்தப் பக்கத்து அதிகாரிக்கும் என் வணக்கம். செஞ்சிலுவைச் சங்கத்து அம்மையார் வீட்டுக்கு வந்து, குடும்ப விஷயம் மட்டும் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதினால் சீக்கிரம் போய்ச் சேரும் என்றார். நீ பிறந்த நாளிலிருந்து உன்னிடம் நான் ஆங்கிலத்தில் பேசியதில்லை, நீ சிறைப்பட்டிருக்கும்போதா ஆரம்பிப்பேன், தமிழ் தெரிந்த ஆளை அவர்களே தேடிக்கொள்ளட்டும் என்றேன். டீனா அழுததால் அவள் ஒரு ஆங்கிலப் பிரதி எழுதிக் கூடவே வைத்திருக்கிறாள். அது அவளுக்காக. கடிதம் இதுதான்.

உன் விமானம் திரும்பவில்லை, உன்னையும் கூடப் போனவரையும் காணவில்லை என்று செய்தி வந்த மூன்றாம் நாள் காலை நான் பால் வாங்கப் போனேன். தெரு முனையில் பத்தடிக்கு உன் படம். நீ சீருடையில் சிரிக்கிறாய், இரண்டு பக்கமும் புறா, மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே நம் தெரு இளைஞர் மன்றத்துப் பையன்கள் பதினாறு பேரின் முகம். வீட்டுக்குப் போய் என் மோட்டார் கடைக் கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தேன், துணியையும் கிழித்தேன். மன்றத்துத் தலைவன் அறிவு ஓடிவந்து, இன்னா நைனா, நம்ம ஏரியா புள்ளைக்கு மரியாத பண்ணா கிழிச்சிக்கினு கீறே என்றான். காணோம்னுதான்டா பேப்பர்ல போட்டிருக்கான், செத்துட்டான்னு உனக்கு எவன்டா சொன்னான், உங்க அப்பன் தினமும் ராத்திரி காணாமப் போறானே, அவனுக்கு வச்சியா பேனர் என்று கேட்டேன். பெருசுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பெண்கள் உன் அம்மாவிடம் வந்து சொன்னார்கள். அவள், அது கல்யாணம் ஆன அன்னிக்கே தெரியும், பேனரை ஒழுங்கா மடிச்சாரா, குப்பையாப் போட்டாரா என்று கேட்டாளாம். நீ சிரிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் மாலை டிவியில் உன்னைக் காட்டினார்கள். தெருவே நம் வீட்டுக்குள் இருந்தது. உதடு வீங்கி, சட்டையில் ரத்தத்தோடு நீ நின்றாய். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். நீ அதைப் பார்த்துவிட்டு, இவருக்குக் காலில் அடி, இவரை முதலில் உட்கார வையுங்கள், வைத்தியரைக் கூப்பிடுங்கள் என்று பக்கத்தில் தரையில் கிடந்த, உன்னோடு விமானத்தில் போனவரைக் காட்டினாய். டீனா மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்தது. பிறகு எதைக் கேட்டாலும் பெயர், பதவி, எண். எங்கிருந்து கிளம்பினாய் என்றதற்கும் பெயர், பதவி, எண். அதட்டியவனிடமும் அதையே சொன்னாய், குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடைசிவரை அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அறிவு துள்ளிக் குதித்து, உயிரோட கீறாரு நைனா என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். கூட்டத்தில் யாரோ, அப்படியே அப்பன் வீம்பு என்றார்கள். என்னைக் கேட்காமல் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் படையில் சேர்ந்தாய், உன் பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு நான் வரவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, நாடு பார்த்துவிட்டது என்பதற்காக அது போய்விடாது. நீ வந்தபிறகு எதிரே உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நீ செய்தது அத்தனையும் சரி. இதை எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

இப்போது உன் கார்டுக்கு வருகிறேன். நலமாக இருக்கிறேன், சாப்பாடு பரவாயில்லை, அம்மா அழ வேண்டாம், அப்பா யாரோடும் சண்டை போட வேண்டாம் என்று நாலே வரி. அந்த எழுத்து இடது கை எழுத்து. ஆறாம் வகுப்பில் படகிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு இரண்டு மாதம் வீட்டுப்பாடம் எழுதினாயே, அதே மாதிரி எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அம்மாவிடம் அவசரத்தில் எழுதியிருப்பான் என்றேன். அவள் கார்டைப் பைபிளில் வைத்துவிட்டு, இடது கையால குழம்பு சோறு எப்படிப் பிசைவான், கூட இருக்கறவர் ஊட்டிவிடுவாரா என்று கேட்டாள். முப்பத்தைந்து வருடத்தில் அவளிடம் ஒன்றுகூட மறைக்க எனக்குத் தெரியவில்லை. வைத்தியர் வந்தபோது நீ என்ன சொல்லியிருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றுமில்லை, அவருக்குப் பாருங்கள் என்றிருப்பாய். அவர் வீட்டாரோடு போனில் பேசினேன், அவருக்குக் கால் ஆறிவருவதாகக் கார்டு வந்திருக்கிறது. இனி உன் முறை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், சைதாப்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். ஆனாலும் நான்கு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு போர்க்கைதிகள் சட்டத்தைப் படித்தேன். கைதிக்கு வைத்தியம் பார்ப்பது பிடித்து வைத்திருப்பவர்களின் கடமை. நீ கேட்டால் அது கெஞ்சுவது ஆகாது, தலை குனிவதும் ஆகாது. படித்துப் பார்க்கிற அதிகாரியும் இந்த வரியை இரண்டு தடவை படிக்கட்டும். வேறு எதிலும் விட்டுக்கொடுக்காதே. கையைக் காட்டு.

செவ்வாய்க்கிழமை விமானப்படை அதிகாரி ஒருவர் வந்தார். இரண்டு பக்கமும் விடுவிக்கப்போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், அதில் உன் பெயர் இருக்கிறது, தேதி மட்டும் முடிவாகவில்லை என்றார். அவர் போனபிறகு அம்மா உன் அறை ஜன்னலைத் துடைத்தாள், நான் உன் மின்விசிறியைக் கழற்றிப் புதுக் காயில் கட்டி மாட்டினேன்.

கடைசியாக நல்ல செய்தி. டீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது, இரண்டும் நலம். நீதான் ஞானத்தந்தை என்று டீனா சொல்லிவிட்டாள். பங்குத்தந்தையிடம் போனோம், ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட வேண்டாம், லாய்டுக்குப் பதிலாக வேறு ஒருவர் நிற்கலாம், திருச்சபை அனுமதிக்கிறது என்றார். திருச்சபை அனுமதிக்கலாம், நான் அனுமதிக்கவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு, தேதி வந்ததும் சொல்லுங்கள் என்று நோட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறார். பிறப்புச் சான்றிதழிலும் பெயர் எழுதாமல்தான் வாங்கியிருக்கிறோம், பெயரை நீ வந்து சொல். இப்போதைக்குப் பாப்பா. தண்ணீர் ஊற்றும்போது ஞானத்தந்தைதான் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டும், நம் வீட்டு வழக்கம் அதுதான். பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ, நீ வருவதற்குள் நாலு கிலோவைத் தாண்டிவிடுவாள், போதாததற்குக் காலை உதைத்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு கையால் அவளைத் தூக்க உன்னை விடமாட்டேன்.

மாதாவின் காவல் உன்மேலும் கூட இருப்பவர்மேலும் இருக்கட்டும். அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னாள். மாதம் இரண்டு கடிதமும் நான்கு கார்டும் எழுத உனக்கு உரிமை உண்டு, ஒன்றையும் விடாதே. அடுத்ததை வலது கையால் எழுது.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் வருத்தமாக இருக்கும் அப்பா,
ம. பவுல்சாமி