ஓரத்து நட்சத்திரங்களின் வேகம்

செஞ்சி,
தை 1948

அன்புள்ள உங்களுக்கு,

எழுத்துக் கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இடக்கையால் எழுதுகிறேன்.

நீங்கள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய, நட்சத்திர ஒளி பதிந்த கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்து நட்சத்திரங்களின் வேகத்தை அளந்துகொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் உலக்கையோடு உள்ளே வந்தார்.

"கழனியில அறுப்பு நடக்குது. உனக்கு இன்னாடி கண்ணாடியில வேல?" என்று கத்திக்கொண்டே தகடுகளை அடித்து நொறுக்கினார்.

மிஞ்சிய ஒன்றை வலக்கையால் மூடினேன். கைமேலேயே உலக்கை இறங்கியது. இரண்டு விரல்கள் முறிந்தன. மறுபடி ஓங்கினார். நுண்ணோக்கியைத் தூக்கி அவர் நெற்றியில் அடித்தேன். கண்ணாடித் தூளெல்லாம் ரத்தம். "ஐயோ, கொன்னுட்டாளே!" என்று அவர் மனைவி அலறினார்.

சாகவில்லை. தையல் போட்டிருக்கிறார்கள். "கையோட விட்டேனேன்னு சந்தோசப்படட்டும்" என்று கடைவீதியில் சொல்லித் திரிகிறாராம். நான் கன்னியர் மடத்தில் இருக்கிறேன்.

அந்த ஒரு தகட்டை இங்கே மடத்துப் பள்ளியின் நுண்ணோக்கியில் அளந்து முடித்தேன். நட்சத்திர மண்டலத்தின் ஓரத்தில் வெளிச்சம் குறைவு, எடையும் குறைவு, அதனால் அங்கே நட்சத்திரங்கள் மெதுவாகத்தான் சுற்றும் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. உள்ளே இருப்பவற்றின் வேகத்திலேயே ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத பெரும் பாரம் ஒன்று இழுத்துப் பிடிக்காவிட்டால் என்றோ சிதறியிருக்கும்.

கணக்கை இதனுடன் வைத்திருக்கிறேன். நீங்கள் வெளியிடப்போகும் கட்டுரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் அச்சாக வேண்டும். 'வீட்டார் உதவினர்' என்று அடியில் ஒரு வரி போதுமென்று நினைத்தால், ஊர் திரும்பும்போது நேரே உங்கள் அண்ணன் வீட்டுக்கே போய்விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி