மேல்மாடித் தரையையும் எண்ணுவீங்களோ?

பெப்ரவரி 3, 2025. திங்கள்

புது மென்பொருள் இன்று கந்தோருக்கு வந்துவிட்டது. பார்த்தீபன் அண்ணை அச்சுவேலியில் இந்த இரும்புப் படிக்கட்டுக் கொம்பனியைத் தொடங்கிய நாளிலிருந்து, எட்டு வருடமாக, எல்லாப் படிக்கட்டுக்கும் நானும் யசிந்தாவும்தான் படம் கீறுகிறோம். ஒன்றைக் கீறி முடிக்க இரண்டு நாளாவது போகும். இனி உயரம், அகலம், இருக்கிற இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் காணும், வேறொன்றும் வேண்டாம். படத்தையும் கீறி, எந்தக் குழாயை எந்த நீளத்துக்கு வெட்டுவது என்றும் அதுவே பட்டறைக்குச் சொல்லிவிடும். எங்களுடைய முறைகளை அதற்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்வான்!

அண்ணை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது சரிவந்தால் கீறுறதுக்கு ரெண்டு பேர் என்னத்துக்கு? ஒரு ஆள் காணும்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

யசிந்தா நேரத்தோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். "போட்டு வாறன்" என்று ஒரு சொல்லுகூட இல்லை.

பெப்ரவரி 5, புதன்

கதைக்கிறாள் இல்லை. என்ன கேட்டாலும் "ஓம்", இல்லாவிட்டால் "இல்லை". அவளுடைய மீன்பொரியலில் பாதி எப்போதும் எனக்குத்தான். இன்று சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்த் தனியச் சாப்பிட்டாள்.

கோபம் வருகிறது. நானா அப்படிச் சொன்னேன்? ஆனாலும் அவளுடைய இடத்தில் இருந்து பார்த்தால்... குருநகரில் தகப்பன் கடலுக்குப் போகாமல் விட்டுக் கனகாலம். தம்பிமார் இரண்டு பேரும் படிக்கிறார்கள். அவளுக்கு வேலை போனால் அந்த வீட்டில் உலை வைக்க ஏலாது. இது சரிவராவிட்டால் என்னுடைய மானம் போகும், சரிவந்தால் அவளுடைய வேலை போகும். நான் எது நடக்கவேணும் என்று நேர்த்தி வைக்கிறது?

பெப்ரவரி 19, புதன்

முறைகள் எல்லாம் சேர்த்து முடிந்தது. ஒரு படி எவ்வளவு உயரம், கால் வைக்க எவ்வளவு அகலம், கைப்பிடி எந்த மட்டில், உப்புக்காற்று அடிக்கிற கரையோர வீடென்றால் என்ன குழாய்... பட்டறையில் ஒருவரையும் விடாமல் கேட்டேன். கடைசியில் யசிந்தாவிடமும் கேட்டேன்.

"வேறை ஏதும் விடுபட்டுக் கிடக்கோ?"

"இல்லை."

மார்ச் 3, திங்கள்

முதல் படிக்கட்டு! கோண்டாவில் சிவக்கொழுந்து ரீச்சர் வீட்டு முற்றத்திலிருந்து மேல்மாடிக்கு. தேத்தண்ணி ஆறமுன்னம் கீறித் தந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

ஐயோ, மானம் போச்சு.

படிக்கட்டைப் பூட்டி முடிச்சாச்சு. ரீச்சர் தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொளுத்தி, சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஏறத் தொடங்கினா. "லாபம், நட்டம், லாபம், நட்டம்..." ஒவ்வொரு படிக்கும் ஒண்டு. நான் கீழை நிண்டு சிரிச்சுக்கொண்டு பாக்கிறன். கடைசிப் படியிலை காலை வைச்சா. "நட்டம்." அப்பிடியே நிண்டிட்டா.

"என்ன பிள்ளை, என்னைக் கொண்டந்து நட்டத்திலை விட்டிருக்கிறியள்?"

பதினாறு படி! படி ஒற்றைப்படையிலை வந்து லாபத்திலை முடியவேணும் எண்டு இங்கை சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உந்த அறுந்த கொம்பியூட்டர் பெட்டிக்குத் தெரியேல்லை. எப்பிடித் தெரியும், ஆர் சொன்னது அதுக்கு?

வெல்டிங் பெடியளுக்கு ஒரே முசுப்பாத்தி. "அக்கா, பெட்டிக்கு ஒருக்காச் சாதகம் பாருங்கோ" என்கிறார்கள். அண்ணை சிரிக்கவில்லை. "உந்தப் பெட்டியைக் கழட்டிப் போட்டுப் பழையபடி கீறுவம்" என்றார்.

யசிந்தா? அவளுக்குத் தெரிஞ்சிருக்குமே. தெரிஞ்சுகொண்டும் பேசாமல் இருந்தவளோ?

மார்ச் 19, புதன்

நேரே போய்க் கேட்டுவிட்டேன். "தெரிஞ்சுகொண்டுதானே சொல்லாமல் விட்டனி?"

அவளுக்கு முகம் சிவத்துப் போச்சு. "உனக்கென்ன விசரே? எட்டு வருசமாய் நீயும்தானே ஒற்றைப்படையிலை கீறினனி. நீ ஏன் எழுதேல்லை?"

மெய்தானே. எல்லாரையும் கேட்டுத் திரிந்தவள் நான், எனக்கே அது ஒரு முறை என்று தோன்றவில்லை. மூச்சு விடவேணும் எண்டு ஆரும் எழுதி வைக்கிறவையோ?

சமாளிக்கிறதுக்கு, "நீங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள். உங்களுக்கும் லாபம் நட்டம் இருக்கோ?" என்றேன்.

"ஏன், வேதக்காரர் நட்டத்துக்கு ஆசைப்பட்டுத் திரியினமோ?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துப்போட்டாள். ஆறு கிழமைக்குப் பிறகு! எனக்குக் கண் கலங்கிப்போச்சு. அவளும் கண்டவள்தான், காணாத மாதிரி இருந்தாள்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு பேருமாய்க் கோண்டாவிலுக்குப் போனோம். முற்றத்து மண்ணைக் கொஞ்சம் இறக்கி, அடியில் ஒரு கல்லுப்படி வைப்பித்தோம். ரீச்சர் திரும்பவும் முதலிலிருந்து எண்ணி ஏறினா. லாபம். வடையும் தேத்தண்ணியும் கிடைத்தது. அண்ணை பெட்டிக்கு ஏப்ரல் முடியும்வரை தவணை தந்திருக்கிறார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒற்றைப்படை முறையைப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. இனி ஒரு தொல்லையும் இல்லை என்று இருந்தால், கொக்குவிலில் ஒரு வீட்டுக்குப் படத்தைக் காட்டப் போன யசிந்தா ரெலிபோனில் கத்துகிறாள். "தர்சி, குழாயை வெட்ட விடாதை! இவை மேல்மாடித் தரையையும் ஒரு படியாய் எண்ணுற ஆக்கள். திரும்பவும் நட்டத்திலை நிக்குது!"

நல்லகாலம், ஒன்றும் வெட்டியிருக்கவில்லை. அளவு கேட்கிற பக்கத்தில் உடனே ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: 'இறுதித் தளம் படிகளின் எண்ணிக்கையில் உள்ளடக்கப்படுமா?' யசிந்தா வந்து வாசித்துவிட்டு, "உது ஆருக்கடி விளங்கும்?" என்று என்னைத் தள்ளிவிட்டுத் தானே இருந்து எழுதினாள்: 'மேல்மாடித் தரையையும் எண்ணுவீங்களோ?'

இந்தப் பெட்டியில் அவள் கை வைத்தது இன்றுதான் முதல் தரம்.

ஏப்ரல் 16, புதன்

மீன்பொரியல். பாதி எனக்கு.

ஏப்ரல் 30, புதன்

தவணை முடிந்த நாள். இந்த மாதம் ஒரு படிக்கட்டும் திரும்பி வரவில்லை. படம் கெதியாய்க் கிடைக்குது என்று கேள்விப்பட்டுப் புது ஆட்கள் வருகிறார்கள், பட்டறைக்கு மூச்சு விட நேரமில்லை. அண்ணை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"யசிந்தா, இனி வீடுகளுக்குப் போய் அளக்கிறது, சனத்தோடை கதைக்கிறது எல்லாம் நீர்தான் பார்க்கவேணும். தர்சிகா இங்கை பெட்டியோடை நிக்கட்டும்."

யசிந்தா விடவில்லை. "அப்ப ஒரு ஆள் காணும் எண்டு சொன்னீங்கள்?"

அண்ணை தலையைச் சொறிந்தார். "அது நான் பகிடிக்குச் சொன்னது."

"எங்களுக்கு அந்தப் பகிடி விளங்கேல்லை அண்ணை" என்றேன் நான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு துணிவு வந்ததோ தெரியாது. "பிழைதான், பிழைதான்" என்று சொல்லிக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விட்டார்.

மே 22, வியாழன்

யசிந்தா காரைநகரிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். பின்னால் இரண்டு பேர் வாக்குவாதப்படுகிற சத்தம்.

"தர்சி, இந்த வீட்டிலை மனுசன் தரையைச் சேர்த்து எண்ணுறார், மனுசி சேர்க்காமல் எண்ணுறா. ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கினம் இல்லை. பெட்டி என்ன சொல்லுது?"

இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டையும் வடிவாய்க் கீறித் தந்தது.

"ரெண்டும் சரியாம்."

"நாசமாய்ப் போக! அப்ப நான்தான் இருந்து தீர்த்துப்போட்டு வரவேணும். தேத்தண்ணி வேறை வைக்கினம். நேரம் செல்லும்போலை கிடக்கு, அண்ணையிட்டை ஒருக்காச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அண்ணை தலையை நிமிர்த்தவுமில்லை.

"அவள் ஆறுதலாய் வரட்டும். அவளில்லாமல் உது முடியாது."