அட்றா நாலு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி வர வேண்டும், அதை இந்தத் தடவை எழுத முடியவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள், நான் மாடிப்படிக்குப் போய்ப் பேசினாலும் யார்கிட்ட ரகசியம் என்று குரல் வந்துவிடும். அதனால் கடைக்கு வந்து, லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்து எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இருப்பது சோர்வு இல்லை பாப்பா, புற்றுநோய். நுரையீரலில் ஆரம்பித்து, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகளுக்கும் போய்விட்டது. நீ அனுப்பும் மாத்திரை டப்பாவில் அட்ரினல் களைப்புக்கு என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே, அந்த அட்ரினல்தான். டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டி, அது களைச்சுப் போகலீங்க, அதை நோய் தின்னுட்டிருக்கு என்றார். இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார். நான் வேறு வார்த்தையில் மறுபடி கேட்டுப் பார்த்தேன், பதில் மாறவில்லை.

உனக்கு ஆபீஸ் டென்ஷன் குறைந்தது என்று சொல்லித்தான் நீ அம்மாவுக்கும் அந்த மாத்திரையை அனுப்பினாய். அமுக்கரா, அதிமதுரம், இன்னும் வாயில் நுழையாத ஏதேதோ வேர்கள். பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படித்தபோது, அட்றா நாலா, பேரே நாலு போடச் சொல்லுதே என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நீ சொன்ன இரண்டு நாலாகிவிட்டது. திரைச்சீலை தைக்கிற மெஷினை மிதிக்கக் கால் வரவில்லை என்றால் கூட ஒன்று, பாப்பா அனுப்பினது கெடுதல் பண்ணுமா என்பாள். உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கினாள், நீ என்ன ஆடா என்று நான் கிண்டல் செய்தேன். முகம் கறுத்துக்கொண்டே வந்தது, நீகூட வீடியோவில் பார்த்துவிட்டு வெயிலில் சுத்தாதேம்மா என்றாய். அதெல்லாம் அந்தச் சுரப்பி கெட்டுப்போனதன் அடையாளமாம். எல்லாவற்றையும் களைப்பு என்ற ஒரே கணக்கில் போட்டுவிட்டோம். மாத்திரையால் வந்த நோய் இல்லை என்று டாக்டரம்மாவிடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன், அந்தப் பழியை நீ தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. முன்னாடியே வந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அந்த வேர்ப்பொடி ஆஸ்பத்திரி மருந்தோடு சேராது, உடனே நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா கேட்பாளா, டப்பாவைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். பாப்பா தினமும் போட்டியாமான்னு கேப்பா, இல்லைன்னு எந்த வாயால சொல்றது என்று ஒரே பிடிவாதம். அவளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அவள் மத்தியானம் கண்ணசரும்போது டப்பாவைக் கடைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு மாத்திரைக் கூடாகப் பிரித்துப் பொடியைக் கொட்டிவிட்டுக் கோதுமை மாவை நிரப்பி மூடினேன். கண்ணாடி ஸ்க்ரூ திருகியே பழகின விரல், ஒரு கூடுகூட உடையவில்லை. நேற்று சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இப்பல்லாம் ஏப்பம் கசக்கறதில்லீங்க, பாப்பா நல்ல சரக்கா அனுப்பியிருக்கா என்றாள். நான் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி எழுந்து போனேன். அவளுக்கு எல்லாம் தெரியும் பாப்பா. மாவு என்றும் தெரியும், மற்றதும் தெரியும். தெரிந்தேதான் தண்ணீரைக் கேட்டு வாங்கி விழுங்குகிறாள், நீ கேட்கும்போது போட்டுட்டேன் என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டுமாம்.

உன்னை வரச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். விசா பேப்பர் கைக்கு வருவதற்குள் நீ அந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீ சொன்னது அவள் மனதில் அப்படியே நிற்கிறது. சரி, நான் வரச் சொல்லவில்லை. நிலவரத்தைத்தான் எழுதியிருக்கிறேன். சத்தியமும் கெடவில்லை, எனக்கும் நெஞ்சு அடைக்காமல் இருக்கும். நீ வந்தாலும் வராவிட்டாலும் நடக்கப்போவது நடக்கத்தான் போகிறது, அதை மாற்ற உன்னாலும் ஆகாது என்னாலும் ஆகாது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, வேறு யாரிடம் சொல்வேன்.

நீயும் அதே டப்பாவைத்தானே திறக்கிறாய். அதை மூடி வைத்துவிட்டு முதலில் ஒரு டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்துப் பார். வெறும் களைப்புதான் என்று நீயே தீர்ப்பு எழுதாதே. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. இந்தக் கடிதம் வந்ததைப் போனில் காட்டிக்கொள்ளாதே. எப்போதும் போல மாத்திரை போட்டியாமா என்று மட்டும் கேள், அதற்காகத்தான் காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து இருங்கள், அது ஒன்றுதான் நான் இப்போது வேண்டிக்கொள்வது.

இப்படிக்கு,
உன் அப்பா

மறந்துவிட்டேன். புது டப்பா அனுப்பாதே பாப்பா. இருப்பதே மிஞ்சிவிடும்.