எலுமிச்சை சாத அட்சதை

ஆரணி

அன்புள்ள சத்யாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் இருக்கோம், கனடாவுல நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கறத ஸ்டேட்டஸ்ல பார்த்துகினு இருக்கேன். போன்ல பேசினா பாதியிலயே மீட்டிங்னு வச்சிடுற, கடுதாசின்னா முழுசா படிச்சித்தானே ஆகணும், அதான்.

நீ அனுப்பின ஹெட்போன் வந்துச்சு. பக்கவாதத்துக்கு இசை மருந்துன்னு நீ படிச்சது ரொம்ப சரி தாயே. அருவி கொட்டுற சத்தத்தை அப்பா காதுல மாட்டினேன், உடனே வேலை செஞ்சுது, பாத்ரூமுக்கு அவரைத் தாங்கிகினு ஓடி என் இடுப்புதான் போச்சு. அவர் பகல்ல போற பராமரிப்பு இல்லத்துக்கு சரண்யான்னு ஒரு பொண்ணு பாட்டு வச்சிப் பயிற்சி குடுக்க வருது. வலது கைய அசைக்கட்டும்னு சலங்கை குடுத்துது, கஞ்சிரா குடுத்துது. ஜமீன்தார் அசைவாரா? பேச்சும் கிடையாது. இப்படியே விட்டா அந்தக் கை விறைச்சே போயிடும்னு டாக்டர் சொன்னதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

வெள்ளிக்கிழமை நானும் அங்க போயிருந்தேன், எல்லாரும் சாப்பிடறப்ப சரண்யா நாதஸ்வரம் போட்டுச்சு, மனசு அமைதியாகுமாம். அமைதியாத்தான் இருந்துது, நடுவுல கெட்டி மேளம் கொட்டிச்சு பாரு, அப்பா மாதிரியே அங்க வர்ற வெம்பாக்கத்து முனியம்மாள் தட்டுல இருந்த எலுமிச்சை சாதத்தை அள்ளி வீசிட்டாங்க. மஞ்சளா இருந்துதா, அட்சதைன்னே முடிவு பண்ணிட்டாங்க. அவ்ளோதான், கூடமே வீசுது. சரண்யா தலையெல்லாம் வேர்க்கடலை. அதுக்கு இன்னும் வரன் கூட அமையல, ஆசீர்வாதம் ஆயிடுச்சு.

திரும்பிப் பார்க்கிறேன், அப்பாவோட வலது கை மேல வந்துகினு இருக்குது சத்யா. இடது கையால அட்சதை போடக் கூடாதுன்னு அந்த மனுஷனுக்கு ஞாபகம் இருக்குது. தோள் வரைக்கும்தான் வந்துது, பாதி சாதம் அவர் மடியிலயே விழுந்துது. எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன். அப்ப வாயத் தொறந்து கேட்டார்:

"பொண்ணு எங்க?"

சரண்யா தன்னைத்தான் கேக்குறார்னு கிட்ட வந்துது. இல்லன்னு தலைய ஆட்டிட்டார். நீ அங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டு போட்டோ அனுப்பின பொண்ணாச்சே, உன்னைத்தான் கேக்குறார். கனடாவுல இருக்கான்னு சொன்னேன். மீதி சாதத்தை உள்ள வச்சி கைய மூடிகினார், கழுவறதுக்குக் கூட விரிக்கல. சாயந்திரம் தூங்கினப்புறம்தான் பிரிச்சி எடுத்தேன்.

ரெண்டு பேரும் நீடூழி நல்லா இருங்க. குளிர்ல காதை மூடிக்கோ. லீவு கிடைக்கலன்னா மேனேஜர் நம்பர் குடு, நான் பேசிக்கிறேன். ஜல்தி வாங்க, அப்பா முன்னாடி வந்து தலையக் குனிங்க, உனக்குப் போட வேண்டியத அவர் இன்னும் போடல.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா மணிமேகலை