குமரன் கம்பெனியின் வரலாறு

ஆவணி 14, வெள்ளி

குமரன் மூலக்குளத்தில் புது ஆபீஸ் திறந்துவிட்டான். கண்ணாடிக் கதவில் அவன் பெயர். அதன்மேல் கைரேகை படும்படி தள்ளித் திறந்தேன்.

நிரல்களில் பிழை தேடும் அவன் மென்பொருளை வில்லியனூரில் என் வீட்டு மாடியில் நானும் அவனும்தான் எழுதத் தொடங்கினோம். வேலை கிடைத்ததும் நான் விலகினேன்.

கம்பெனி வரலாற்றை என்னைத்தான் எழுதித் தரச் சொன்னான். மாடியை எழுதினேன், மின்விசிறிச் சத்தத்தைக்கூட எழுதினேன். என் பெயரை மட்டும் விட்டேன். அவனே சேர்க்கட்டும் என்ற வீம்பு.

இன்று அது சுவரில் பெரிதாகத் தொங்கியது.

“ஒரு எழுத்து மாத்தலடா! எப்டி?” என்று தோளில் தட்டினான்.

“சூப்பர்டா” என்றேன்.

அவன் நகர்ந்ததும், புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: “அந்த மாடி யார் வூடு சார்?”

“தெரியலம்மா.”

ஏன் அப்படிச் சொன்னேன்?