சீனாராணிக்கு வெச்ச டீ

கலாக்கண்ணு,

நல்லா இருக்கியான்னு கேக்க வாய் வரல. நான் இருக்கேன். ஷிப்ட்டுக்குப் போறேன், வர்றேன், தட்டுல போட்டதை சாப்பிடறேன். பட்டுக்கூடு அவிக்கிற பாய்லர்ல பிரஷர் ஏறுது, இறங்குது. எனக்குத்தான் ஒண்ணும் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.

நீ டைபாய்டுல போன அன்னிக்கு உன் கல்யாணப் பட்டுப் பொடவையையே எடுத்து உனக்கு சுத்தினாங்க. தெருப் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து உன் கால்ல விழுந்தாங்க, குங்குமம் எடுத்து வெச்சுகினாங்க. "மகராசி, பூவோட பொட்டோட போயிட்டா. குடுத்து வெச்சவ"ன்னு எங்க அத்தை சொல்லுச்சு. "இருபத்தாறு வயசுல சாகறதுக்கு இன்னாத்தைக் குடுத்து வெக்கணும் அத்தை?"ன்னு கேட்டேன். "புள்ளைக்கு புத்தி பேதலிச்சுப் போச்சு, தலையில தண்ணி ஊத்துங்க"ன்னுச்சு. ஊத்தினாங்க.

அப்ப உன் சீனாராணிதான் ஞாபகத்துக்கு வந்தா. ஓசூர் ட்ரெயினிங்ல கேட்டுகினு வந்து, புழு வளக்கக் கத்துக்க வர்ற பொம்பளைங்களுக்கு எல்லாம் முதல் கிளாஸ்ல சொல்லுவியே, அந்தக் கதை. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்ன லெய்சூன்னு ஒரு ராணி. மல்பெரி மரத்தடியில டீ குடிச்சுகினு இருந்தாளாம். மேல இருந்து ஒரு கூடு டீயில விழுந்துச்சாம். எடுக்கப் போனா நூல் வருதாம், வந்துகினே இருக்குதாம். புருஷன் ராஜாகிட்ட கேட்டு ஒரு தோப்பையே வாங்கிக்கினாளாம். புழு வளத்தது, நூல் எடுத்தது, தறி போட்டது எல்லாம் அவதானாம்.

நான் கிண்டல் பண்ணுவேன். "டீ சூட்டுக்கு கூடு அவியாதும்மா. தண்ணி தளதளன்னு கொதிக்கணும். அப்புறம் நூல் நுனியத் தேடணும். உங்க ராணி நல்லா கதை வுடறா."

"பாய்லர்காரருக்குப் பொறாமை. இத்தினி காலமா ஒரு பொம்பள பேரு நிக்குதேன்னு!"

நின்னுச்சு. ஒத்துக்கறேன். ராஜாவோட ஊர் ஊரா சுத்தப் போனவ வழியிலயே செத்துட்டாளாம், அவளை வழிக்குத் துணையா வர்ற சாமியாக்கிட்டாங்களாம். அப்புறம் பட்டுக்கும் அவதான் சாமி. பின்னால வந்த ராணிங்க எல்லாம் வருஷா வருஷம் அவளைக் கும்பிட்டு, தன் கையாலயே தழை பறிச்சாங்களாம். எல்லாம் நீ சொன்னதுதான். ஆனா அவ கோவக்காரியா? குறட்டை விடுவாளா? குழம்புல உப்பு ஜாஸ்தி போடுவாளா? யாருக்குத் தெரியும்? ஒரு கோப்பையும் ஒரு நூலும்தான் மிச்சம். மிச்சப் பொம்பள எங்க போனா? அவ இல்லாத வீட்டுக்குத் திரும்பி வந்து அந்த ராஜா என்ன பண்ணான்? அதை எவனும் சொல்லல.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா, போன வாரம், உன்கிட்ட புழு வளக்கக் கத்துகின முனியம்மாவோட புருஷன் தேரடி டீக்கடையில என்னைப் புடிச்சுகினான். "சார், சேதி தெரியுமா? உங்க வூட்டம்மாவ எங்க பொம்பளைங்க சாமியாக்கிட்டாளுங்க. புழுக் கொட்டாய்ல போட்டோ மாட்டி, தெனமும் டீ படைக்கறாளுங்க. சீனாராணியம்மன்!" சொல்லிட்டு சிரிக்கறான்.

நீ போனப்புறம் முதல் தடவையா எனக்கு உள்ள ஏதோ கொதிச்சுது. உன்னைக் குடுத்து வெச்சவளாக்கினது போதாதா? அந்தப் போட்டோவைக் கழட்டிகினு வந்துடறதுன்னு அவங்க ஊரு அடி அண்ணாமலைக்கு சைக்கிள மிதிச்சேன்.

கொட்டாய்க்குள்ள நடுக் கம்பத்துல நீ. நெத்தியில நெஜக் குங்குமம். கீழ ஒரு டம்ளர்ல டீ, மேல மூடி. முனியம்மாவும் அந்தச் சின்னப் பொண்ணு சரசுவும் புழுத் தட்டுல தழை போட்டுகினு இருந்தாங்க.

"கழட்டுங்க அதை. அவ சாமி இல்ல"ன்னு கத்தினேன்.

முனியம்மா அசரல. "யாரு சார் சாமின்னது?"

"டீ படைக்கறீங்களே?"

"படைக்கறதெல்லாம் இல்ல சார். டீச்சர் வந்தா பத்து மணிக்கு டீ போடுவோம். அவங்களுக்கும் சேத்து ஒரு டம்ளர் போட்டே கை பழகிடுச்சு. கொறைக்க மனசு வரல."

"போட்டோ எதுக்கு?"

"அது இவளுக்கு. ஈரத் தழை போட்டா புழு நோவு வந்து செத்துடும்னு டீச்சர் எப்டித் திட்டுவாங்க! 'நீ பெத்த புள்ளைக்கு இப்டிப் போடுவியாடி?'ன்னு. இந்தச் சோம்பேறிக்கு அந்த மூஞ்சியப் பாத்தாதான் பயம்."

"அக்கா, நேத்து நான் காய வெச்சுதான் போட்டேன். சார் எதுருலயே மானத்த வாங்காத"ன்னுச்சு சரசு.

அப்பதான் கிட்டப் போய்ப் பாத்தேன். உன் கிளாஸ்ல எடுத்த குரூப் போட்டோல இருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க. வெயில்ல கண்ண இடுக்கிகினு, மூஞ்சைச் சுளிச்சுகினு, யாரையோ திட்டப் போற மாதிரி நிக்கற. கலா, அதுதான் நீ. என்கிட்ட இருக்கறது கல்யாண போட்டோ. அதுல பவுடர் போட்டுகினு யாரோ ஒருத்தி நிக்கறா.

"வேணும்னா எடுத்துகினு போங்க சார். உங்களுதுதானே"ன்னு முனியம்மா சொல்லுச்சு. சரசு தட்டையே பாத்துகினு இருந்துச்சு.

போட்டோ வரைக்கும் கை போச்சு. எடுக்கல. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல. உன்னை நான் அவங்களோட பங்கு போட்டுக்க வேண்டியதாப் போச்சு, அவ்ளோதான்.

"ஆறிப்போறதுக்குள்ள இதையாவது குடிங்க"ன்னு முனியம்மா உன் டம்ளரை எடுத்து நீட்டுச்சு. குடிச்சேன். ஒரே சக்கரை, பாகு மாதிரி. இதைத்தான் தெனம் குடிச்சியா? நம்ம வீட்ல நான் போட்ட டீயில ஒரு ஸ்பூன் கூடினா, "இன்னாங்க, பாயசமா?"ன்னு கேட்டவ?

நீ சாமி இல்லன்னு முனியம்மா சொல்லுது. இன்னிக்கு இல்ல. ஆனா குங்குமம் வந்துடுச்சு பாரு. நாளைக்கு மாலை வரும், அப்புறம் கற்பூரம் வரும். சரசு பேத்தி காலத்துல நீயும் ஒரு டம்ளர் டீயா மட்டும்தான் மிஞ்சுவ.

விட மாட்டேன். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்தக் கொட்டாய்ல முதல் கற்பூரம் ஏத்தற அன்னிக்கு நான் அங்க நிப்பேன். நீ பாலைப் பொங்க விட்டுட்டு என்னைத் திட்டினதைச் சொல்லுவேன். சினிமா பாதியிலயே என் தோள்ல வாயத் தொறந்துகினு தூங்கினதைச் சொல்லுவேன். எங்க அத்தை மாதிரி நடந்து காட்டி என்னைச் சிரிக்க வெச்சதைச் சொல்லுவேன். கைகூப்பினவங்க கைய இறக்கற வரைக்கும் சொல்லுவேன். லெய்சூவுக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சு. உனக்கு நான் இருக்கேன்.

உன் வீட்டுக்காரன்
சேகர்